வன்னிக் கத்தோலிக்கப் பங்குகளின் இளைஞர் ஒன்றியங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கைமாரே,

கார்த்திகை வருகிறது. 2 ஆம் திகதி இறந்த விசுவாசிகளுக்காகத் திருப்பலி, 27 ஆம் திகதி மாலை, போரில் இறந்த போராளிகளை விதைத்த துயிலும் இல்லங்களில் விளக்கு. கனகபுரத்திலும் விசுவமடுவிலும் முள்ளியவளையிலும் பற்றை வெட்டி, கொடி கட்டி, மழைக்குள் நின்று வேலை செய்பவர்கள் நீங்கள். இடித்துக் கிளறப்பட்ட கல்லறைகளின் கற்களைப் பொறுக்கி ஒன்றுசேர்த்ததும் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான். அந்தக் கற்களுக்குள் என் தம்பியும் ஒருவன். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதிலும் மேலான அன்பு இல்லை என்ற யோவான் 15:13 உங்களுக்கு மனப்பாடம். யோவானின் முதல் திருமுகம் 3:16 உம் அதையே சொல்கிறது: கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார், நாமும் சகோதரருக்காகக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். வசதி உள்ளவன் தன் சகோதரன் தேவையில் இருப்பதைக் கண்டும் மனம் இரங்காவிட்டால், கடவுளின் அன்பு அவனிடம் எப்படி நிலைத்திருக்கும் என்று கேட்கிறது. உயிர்க்கொடையைப் பேசிய கையோடு திருமுகம் சோற்றுக்கும் துணிக்கும் வந்துவிடுகிறது. நாங்கள் 16 உடன் நிறுத்திவிடுகிறோம்.

விளக்கேற்ற வரமுடியாமல் வீட்டில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத முன்னாள் போராளிகள். 2009 இல் 20 வயதில் விழுந்தவருக்கு இன்று 35 தாண்டிவிட்டது. பார்க்கிற அம்மாவுக்கு 60, 70. அந்த உடம்பை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், புண் எலும்புவரை போகும், கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிரே போகும். ஓர் இரவில் அந்த அம்மா எத்தனை தரம் எழும்புவா? கிழமையில் ஓர் இரவு நீங்கள் இருவர் போய் நின்றால் அவ விடியும்வரை நித்திரை கொள்ளுவா. படுக்கையில் இருப்பது பெண் என்றால் தங்கைமார் போங்கள்.

கால் இழந்தவர்களின் தேவை வேறு. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் ஆயுளுக்கும் உழைக்காது. தேயும், வெடிக்கும். மிஞ்சிய கால் மெலிந்தால் பொருந்தாமல் உரசிப் புண்ணாக்கும். மாற்றுவதற்கு யாழ்ப்பாணம் போனால் அன்றைய கூலி இல்லை என்பதால் புண்ணோடு வயலில் இறங்குகிறவர்கள் உண்டு. ஒருவர் அவரோடு பஸ்ஸில் போங்கள், இன்னொருவர் அன்று அவருடைய வயலில் களை பிடுங்குங்கள்.

எனக்குத் தாங்கமுடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். மாவீரரை வணங்குகிற நம் ஊர்கள், போர் முடிந்து தடுப்பு முகாமிலிருந்து உயிரோடு வந்த முன்னாள் போராளிப் பெண்ணைப் படலையில் நிறுத்தித்தான் கதைக்கின்றன. கலியாணப் பேச்சில் அவளுடைய பழைய வாழ்க்கை ஒரு குறையாகிவிடுகிறது. செத்திருந்தால் மாலை போட்டிருப்போம். இந்த மனத்தோடு எப்படி விளக்கேற்றுவது?

இயக்கத்துக்குப் போனவர்களில் விரும்பிப் போனவர்களும் உண்டு, கடைசி வருடங்களில் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. ஆயுதமே தொடாமல் தங்களைக் கொடுத்தவர்களும் உண்டு. அருட்தந்தை சரத்ஜீவன் கடைசிவரை சனத்தோடு இருந்து, 2009 மே 18 இல் போர்ப் பகுதியை விட்டு வெளியேறும்போது உயிர்விட்டார். அதே நாள்களில் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப், சரணடைந்தவர்களோடு வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றப்பட்டார். இன்றுவரை அவரைப் பற்றித் தகவல் இல்லை. மேய்ப்பன் ஆடுகளை விட்டு ஓடமாட்டான் என்பதை நான் இவர்களிடம்தான் கண்டேன்.

எதிரே நின்று இறந்த சிங்களப் பிள்ளைகளின் தாய்மாரையும் விசுவாசிகள் மன்றாட்டில் நினைவுகூருங்கள். சொல்வதற்கு நாக்குக் கூசும், எனக்கும் கூசுகிறது. பகைவரிடமும் அன்புகூருங்கள் என்று ஆண்டவர் சொன்னபோது நம்மை விலக்கிவைத்துச் சொல்லவில்லை.

சைவ வீடு, வேத (கிறிஸ்தவ) வீடு என்று பார்க்கவேண்டாம். வன்னியில் விழுந்தவர்களில் பெரும்பாலானோர் சைவப் பிள்ளைகள். அரிசிப் பையோடு செபப் புத்தகம் கொண்டுபோகாதீர்கள். காயப்பட்டவனின் மதத்தைச் சமாரியன் கேட்கவில்லை.

27 ஆம் திகதிக்கு முன்னர் உங்கள் பங்கில் இப்படி எத்தனை வீடுகள் என்று பங்குத்தந்தையோடும் கிராம அலுவலரோடும் இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சேரும் காசில் ஒரு பங்கை காற்று மெத்தைக்கும் பஸ் காசுக்கும் ஒதுக்குங்கள். போகும் வீடுகளில் படம் எடுத்து முகநூலில் போடவேண்டாம். அந்த வீடுகளுக்குப் புலனாய்வுக்காரர் வந்துபோவது இன்னும் நின்றபாடில்லை. கொப்பியும் பங்குமனையில் பூட்டியே இருக்கட்டும்.

அன்போடு,
முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா