உன் அணிலுக்கு மூன்று கோடு வேண்டும்

அன்புள்ள இனியா,

நீ அனுப்பிய அணில் படம் வந்தது. கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளை நீயே இறக்கி, யாரும் சொல்லித் தராமல் ஒரு முழுப் படத்தை முடித்திருக்கிறாய். உன் அம்மா அதைத் தன் வாட்ஸ்அப் முகப்புப் படமாகவே வைத்துவிட்டாள். கோடு சுத்தமாக விழுந்திருக்கிறது, நிறம் எங்கேயும் வெளியே வழியவில்லை. "எப்படி இருக்கு சித்தி, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

உன் அணில் ஆரஞ்சு நிறம். காது நுனியில் முடிக்கொத்து. வால் முதுகுக்கு மேலே சுருண்டு நிற்கிறது. கையில் தொப்பி போட்ட கொட்டை ஒன்று; அது ஓக் மரத்துக் கொட்டை. இது ஐரோப்பாவின் செவ்வணில். அழகான கார்ட்டூன் அணில் என்று இணையத்தில் தேடினால் வரிசையாக வந்து விழுவது இதுதான். அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பவன் வேறு ஆள். அவனைக் கார்ட்டூனாகப் பார்ப்பதே அபூர்வமாக இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அதை நீ தீர்த்துவைக்கலாம்.

முதலில் அவனை நிதானமாகப் பார். முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. தொல்காப்பியமே 'மூவரி அணில்' என்றுதான் சொல்கிறது. மூன்றும் ஒரே நீளம் கிடையாது: நடுக்கோடு தலைப்பக்கத்திலிருந்து வால் வரை ஓடும், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மற்ற இரண்டும் முன்காலருகே தொடங்கிப் பின்காலருகே நின்றுவிடும். உடம்பு பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், வயிறு வெளிறியது. காது சின்னது, கொத்து எதுவும் இல்லை. கண்ணைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம் உண்டு. அதைக் கட்டாயம் வரை, முகம் அதில்தான் எழும்பும். முன்பாதத்தில் நான்கு விரல்தான். வால் ரோமத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்திருப்பதால் தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிகிறது. ஓடும்போது அந்த வால் பின்னால் நீண்டு வரும். கத்தும்போது ஒவ்வொரு 'கீச்'சுக்கும் ஒரு வெட்டு வெட்டும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார், உனக்கு வேண்டிய போஸ் அதில் கிடைக்கும்.

இனி, அழகு எங்கிருந்து வருகிறது என்பது. உன் படத்தில் கண்ணிமை மயிர், ரோஜாக் கன்னம், சுற்றிலும் இதயம் என்று நிறைய சேர்த்திருக்கிறாய். அவ்வளவும் தேவையில்லை. 1943-இல் ஆஸ்திரியாவின் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ், குழந்தை முகத்தைப் பார்த்ததும் நமக்கு ஏன் அள்ளி எடுக்கத் தோன்றுகிறது என்று யோசித்து, அதன் அடையாளங்களை எழுதிவைத்தார்: உடம்புக்குப் பெரிய தலை, மேடான நெற்றி, முகத்தில் சற்றுக் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால். கார்ட்டூன்காரர்களின் கை இதை நோக்கியே நகர்ந்து வந்திருக்கிறது. 1928-இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸின் தலையும் கண்ணும் அடுத்த 50 ஆண்டுகளில் எப்படிப் பெருத்துக்கொண்டே போயின என்று ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற தொல்லுயிரியலாளர் அளந்தே காட்டினார்.

உன் அணிலின் தலை, மொத்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. மொத்த உயரத்தில் பாதி வரும்படி அதைப் பெரிதாக்கு. கண்ணை முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கு, இரண்டு கண்ணுக்கும் இடைவெளியைக் கூட்டு. மூக்கும் வாயும் கண்களுக்கு மிக அருகே, சின்னதாக. இதை மட்டும் செய்துவிட்டு இதயங்களை அழித்துப் பார்.

போஸ் விஷயத்தில்தான் நான் பிடிவாதம் பிடிப்பேன். பக்கவாட்டில் நிற்கவைத்தால் நடுக்கோடு உடம்பின் விளிம்போடு போய்விடும், எதிர்ப்பக்கத்துக் கோடு மறைந்துவிடும். நேராக நம்மைப் பார்க்கவைத்தால் ஒரு கோடும் தெரியாது. அதனால் முக்கால்வாசி முதுகைக் காட்டி உட்காரவைத்து, தலையை மட்டும் தோளுக்கு மேலாக நம் பக்கம் திருப்பு. மூன்று கோடும் கிடைக்கும், முகமும் கிடைக்கும். கொய்யாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்புவானே, அந்தத் திரும்பல்.

கிரிட்டாவில் எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்திருக்கிறாய் என்று கோட்டோரத்து வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தாலே தெரிகிறது. லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி; ஒன்றில் வரைவது மற்றதைத் தொடாது. அந்த வசதி ஃபோட்டோஷாப்புக்கே 1994-இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் ஒன்றின் மேல் ஒன்று வரைந்தால் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். உனக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது, தாராளமாகப் பயன்படுத்து. அடியில் உடம்பு நிறம், அதன் மேல் கோடுகளுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே அவுட்லைன். வாலுக்குத் தனியாக ஒன்று வை, பிறகு வேறு பக்கம் திருப்பத் தோன்றும்.

முதுகுக் கோட்டை உடம்புக்கு வெளியே வழியாமல் போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. உடம்பு லேயரையும் கோட்டு லேயரையும் ஒரே குரூப்பில் போடு. கோட்டு லேயரின் பெயருக்குப் பக்கத்தில் ஆல்ஃபா (α) எழுத்துப் போட்ட குறி இருக்கும், அதை அழுத்து. இப்போது நீ எவ்வளவு தாராளமாக பிரஷ்ஷை இழுத்தாலும் நிறம் உடம்புக்குள் மட்டுமே விழும். ஃபோட்டோஷாப்பில் இதையே கிளிப்பிங் மாஸ்க் என்பார்கள். கோட்டை நேராகப் போடாதே. முதுகின் வளைவோடு வளைந்து, பிடரிப் பக்கம் நெருங்கி, நடுவில் விலகி, வால் பக்கம் மறுபடி நெருங்க வேண்டும். அந்த வளைவு வந்துவிட்டால் நிழலே போடாவிட்டாலும் உடம்பு உருண்டையாகத் தெரியும்.

அவுட்லைனுக்கு முழுக் கறுப்பு வேண்டாம், அடர்ந்த பழுப்பு போதும். நிழல் லேயரை மல்டிப்ளை முறையில் (அடியில் உள்ள நிறத்தோடு கலந்து அதை அடர்த்தியாக்கும்) வைத்து லேசான ஊதா பூசு. சாம்பல் போட்டால் அழுக்காகிவிடும். வாலில் ஒவ்வொரு ரோமமாக வரைய உட்காராதே. சாம்பலில் முழு வடிவம் போட்டு, ஓரத்தில் மட்டும் வெள்ளையில் சில சிறு கீறல்கள், நுனியைக் கொஞ்சம் கறுப்பாக்கு, போதும். நீ மவுஸில் வரைகிறாய், அழுத்தத்துக்கு ஏற்ப அதில் கோடு தடிக்காது. அதனால் வளைவுகளின் வெளிப்புறத்தில் இன்னொரு முறை ஓட்டித் தடிமன் கொடு. ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொண்டால் கை நடுக்கமும் அடங்கும்.

ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானே வரையும் சமச்சீர் டூலைப் பயன்படுத்தியிருக்கிறாய் என்பது கண்ணிலேயே தெரிந்துவிட்டது. இடக்கண்ணில் ஒளிப்புள்ளி இடப்பக்கம், வலக்கண்ணில் வலப்பக்கம். வெளிச்சம் ஒரே திசையிலிருந்துதான் வரும், ஆகவே இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வை சிதறிப்போகும். டூலை ஸ்கெட்ச்சோடு நிறுத்திவிட்டு முகத்தைக் கையால் முடி. நடுநடுவே கீபோர்டில் எம் (M) விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பும். எந்தக் காது கோணல் என்று உடனே தெரியும்.

இதை ஸ்டிக்கராக்கித் தோழிகளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512-க்கு 512 பிக்சல், வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவம், 100 கேபிக்குள். பின்னணி காலியாக இருக்க வேண்டும், ஜேபெக்கில் சேமித்தால் வெள்ளைச் சதுரம் வந்துவிடும். நீ 2000-க்கு 2000 பிக்சலில் வரைந்துகொள், அப்போதுதான் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 17 சென்டிமீட்டர் அளவுக்கு அச்சும் போடலாம். ஆனால் போனில் பார்ப்பவர்களுக்கு அது கட்டைவிரல் அளவுதான். அவ்வப்போது ஜூமைக் குறைத்து, படத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்து பார். மூன்று கோடும் மூன்றாகத் தெரிகிறதா? ஒன்றோடொன்று கலந்துவிட்டால் உண்மையில் இருப்பதைவிடத் தடிமனாக்கிக்கொள், தப்பில்லை. கண் வளையத்துக்கும் இதேதான்.

ஓக் கொட்டைக்குப் பதில் கடித்த கொய்யா கொடு, உள்ளே இளஞ்சிவப்பு தெரியும்படி. சாம்பல் உடம்புக்கு அந்த ஒரு நிறம் நன்றாக எடுக்கும்.

முடித்ததும் பிஎன்ஜி மட்டும் அனுப்பாதே, கிரிட்டாவின் சொந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்பு. வால் லேயரை நான் திறந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சித்தி