கைமாத்துக் கரண்டும் 4500 ரூபாப் பெட்டியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை பேப்பருக்குள்ள மடிச்சு வந்த ஒரு நோட்டீஸைப் பற்றித்தான் இதை எழுதுறன். உங்களில குறை சொல்லேல்ல, பேப்பர் போடுற இடத்தில நோட்டீஸைச் சேத்து வச்சு விடுறது எல்லா ஊரிலயும் நடக்கிறதுதான். "பிளக்கில சொருகினாக் காணும், ரியாக்டிவ் பவரைக் கட்டுப்படுத்தி கரண்ட் பில்லை 40 வீதம் குறைக்கும்" எண்டு கலரில அடிச்சிருக்கு. எங்கட ஒழுங்கையில மட்டும் மூண்டு வீட்டில வாங்கிட்டினம், அதில ஒண்டு எனக்கு ஒண்டுவிட்ட அக்கா வீடு. பெட்டி 4500 ரூபா. "தம்பி நீ வயரிங் வேலை செய்தனிதானே, உது என்னடா ரியாக்டிவ்?" எண்டு அக்கா கேட்டா. முப்பது வருசத்துக்கு மேல மோட்டர் வைண்டிங் செய்த எனக்கு உடன ஒரு பதில் வாயில வரேல்ல, அதுதான் வெக்கம். வேலை தெரியும், சொல்லத் தெரியேல்ல. ரெண்டு நாள் யோசிச்சு அக்காவுக்குச் சொன்னதைத்தான் இப்ப உங்களுக்கும் எழுதுறன்.

வீட்டில கேத்தில் இருக்கு, அயன் இருக்கு. அதுகள் கரண்டை வாங்கிச் சூடாக்கி முடிச்சிடும், கடையில காசு குடுத்துச் சாமான் வாங்கின மாதிரி, போன காசு போனதுதான். கிணத்து மோட்டர் அப்பிடி இல்ல. அதுக்குள்ள இரும்பில காந்தம் உண்டாகோணும், அப்பத்தான் சுத்தும். எங்களுக்கு வாற கரண்ட் செக்கனுக்கு 50 தரம் முன்னுக்கும் பின்னுக்குமாப் போய்வாற கரண்ட், அதால அந்தக் காந்தமும் வளரும், அவியும், மற்றப் பக்கம் திரும்பி வளரும், பேந்தும் அவியும். வளரேக்க லைனில இருந்து வாங்கும், அவியேக்க வாங்கினதை லைனுக்கே திருப்பிக் குடுத்திடும், இப்பிடி செக்கனுக்கு 100 தரம். இந்தப் போக்குவரத்துக்குத்தான் ரியாக்டிவ் பவர் எண்டு பேர். தமிழில இதுக்கு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு சொல் வச்சிருப்பினம், நான் அக்காவுக்கு கைமாத்துக் கரண்ட் எண்டுதான் சொன்னனான்.

"அக்கா, நீங்கள் சந்திக்கடையில ஆயிரம் ரூபா கைமாத்து வாங்கி உடன திருப்பிக் குடுக்கிறியள், குடுத்த கையோட திரும்ப வாங்குறியள், நாள் முழுக்க இதே வேலை. மாத முடிவில கடைக்காரற்ற கொப்பியில உங்கட கணக்கு என்ன?" எண்டு கேட்டன். "ஒண்டுமில்லை" எண்டா. "சரி, ஆனா அந்தக் காசோட ஓடித்திரியிற பெடியன்? அவன்ர சைக்கிள் ஒழுங்கையில நிக்காம ஓடுது, மற்றச் சனம் விலத்தி விடோணும், ரயரும் தேயும், ரோட்டும் தேயும்." அக்காவுக்கு விளங்கினது இதிலதான். கொப்பிதான் உங்கட வீட்டு மீற்றர், ஒழுங்கைதான் வயரும் டிரான்ஸ்போமரும். கொப்பியில பதியாத ஓட்டம் ஒழுங்கையில இடத்தைப் பிடிக்குது.

சில பேர் இதை கள்ளில நுரை மாதிரி எண்டு விளக்கப்படுத்துவினம். எனக்கு அந்த உதாரணம் பிடிக்கிறதில்ல. நுரையை ஊதிப்போட்டும் கள்ளுக் குடிக்கலாம், ஆனா கைமாத்து இல்லாட்டி மோட்டர் ஒரு சுத்தும் சுத்தாது. அதால இது வீணாப்போற சாமான் இல்ல, வேணுமான சாமான், எங்க இருந்து வருது எண்டதுதான் கேள்வி.

சும்மா கதைச்சா நம்பமாட்டினம் எண்டு என்ர கிளாம்ப் மீற்றரையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனன். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடுது, வீட்டில மற்றது எல்லாம் ஓஃப். லைன் வயரைச் சுத்திக் கிளாம்பைப் போட்டா 6 அம்பியர் காட்டுது, வோல்ட்டேஜ் 230, பெருக்கினா 1380. அப்ப மோட்டர் 1380 வாட் தின்னுதோ? இல்ல. வெளியில மீற்றரில சின்னச் சிவப்பு லைற் மின்னும் பாருங்கோ, அதுக்குப் பக்கத்தில எத்தினை மின்னலுக்கு ஒரு யூனிட் எண்டு அடிச்சிருக்கும், அக்கான்ர மீற்றரில 1000. மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு எண்ணினம், நிமிசத்துக்கு 17 மின்னல், 60 ஆல பெருக்க மணித்தியாலத்துக்கு 1020 மின்னல், ஆயிரம் மின்னல் ஒரு யூனிட் எண்டா அது 1020 வாட். மோட்டர் உண்மையாத் தின்னுறதும் அக்கா காசு கட்டுறதும் இந்த 1020க்குத்தான். 1020ஐ 1380 ஆல பிரிச்சா 0.74, இதைத்தான் பவர் ஃபக்டர் எண்டு சொல்லுறது.

அக்கான்ர மோள் ஓ.எல். படிக்கிறவ, உடன "அப்ப கைமாத்து 360ஆ மாமா?" எண்டாள். இல்ல, 930. இதில கனபேர் சறுக்குவினம். நேரக் கூட்டல் இல்ல இது, கிழக்கால 1020 அடி நடந்து பேந்து வடக்கால 930 அடி நடந்தா, காணிக்குள்ளால குறுக்க விழுந்து வாறவனுக்கு 1380 அடிதான். பைதகரஸ் தேற்றம் எண்டாள் பிள்ளை, சரியாச் சொன்னாள். எங்க பாவிக்கிறது எண்டு தெரியாம பாடமாக்கினதுக்கு ஒரு பாவிப்பு கிடைச்சிட்டுது.

இப்ப அந்தப் பெட்டியைச் சொருகினம். பச்சை லைற் எரிஞ்சுது. கிளாம்ப் மீற்றர் 6.0 இல இருந்து 5.8க்கு இறங்கிச்சு, அக்காவுக்கு முகம் மலர்ந்திட்டுது. சிவப்பு லைற்றை எண்ணுவம் எண்டன். 17. திரும்ப எண்ணினம், 17. குறையேல்ல, ஏனெண்டா குறைஞ்சது கைமாத்து ஓட்டம், அது முதலே அக்கான்ர கணக்கில இல்ல. பெட்டியைக் கழட்டிப் பாத்தா ஒரு 4 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர், ஒரு எல்.ஈ.டி., சின்ன ரெசிஸ்டர் ரெண்டு. சீலிங் ஃபானுக்க இருக்கிற சாமானின்ர சொந்தக்காரன்தான். கணக்குப் பாத்தா அது 66 அளவில கைமாத்தைச் சமாளிக்கும், மோட்டருக்கு வேண்டியது 930. மோட்டர் நிண்டாப் பிறகு இன்னும் பகிடி, பெட்டி தான் தனிய லைனோட கைமாத்து வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆனா நோட்டீஸ் முழுப்பொய்யும் இல்ல, அதாலதான் சனம் ஏமாறுது. கப்பாசிட்டர் எண்டது மோட்டருக்கு நேர் எதிர்க் குணம். மோட்டர் வாங்கிற நேரம் அது குடுக்கும், மோட்டர் குடுக்கிற நேரம் அது வாங்கும். பக்கத்து வீட்டுக்காரரோட கைமாத்து வச்சுக்கொண்டா சந்திக்கடைக்குப் பெடியன் ஓடத்தேவையில்லைத்தானே, அதுதான் வேலை. இதால உண்மையில காசு மிச்சப்படுத்திற ஆக்கள் இருக்கினம். கேவிஏ எண்டா மேல பெருக்கின 1380 மாதிரி கைமாத்தும் சேத்த மொத்தம், ஆயிரக் கணக்கில. 42 கேவிஏக்கு மேல எடுக்கிற மில், ஐஸ் கொம்பனி, பெரிய ஹோட்டல் எல்லாத்துக்கும் யூனிட்டுக்கு ஒரு பில், அதோட மாதத்தில ஆகக்கூட எத்தினை கேவிஏ இழுத்தவை எண்டதுக்குத் தனியா ஒரு காசு. 60 கிலோவாட் எடுக்கிற மில்லை வைப்பம். பவர் ஃபக்டர் 0.7 எண்டா 86 கேவிஏ கிட்ட, கப்பாசிட்டர் போட்டு 0.95 ஆக்கினா 63. சும்மா இருந்த 23 கேவிஏக்கு மாதாமாதம் காசு கட்டுறது நிண்டிடும். அதே மில்லின்ர லைன் வயர் சூடாகிற நட்டமும் கிட்டத்தட்டப் பாதியாகும், ஏனெண்டா அது அம்பியரின்ர வர்க்கத்தில ஏறுறது. ஒரு மில்லுக்கு நானே 40 கேவார் (கைமாத்தை அளக்கிற அளவு) கப்பாசிட்டர் பாங்க் ஒண்டு போட்டுக் குடுத்தனான், மூண்டு நாலு பில்லுக்குப் பிறகு அவர் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். வீட்டுக்காரருக்கு கேவிஏ பில் இல்ல, அதால வீட்டுக்கு உது பிரயோசனமில்ல. ஆராவது இதை வாசிச்சிட்டு கப்பாசிட்டரை எடுத்துத் தானே மாட்ட வெளிக்கிடவேண்டாம், சுவிச்சை ஓஃப் பண்ணினாப் பிறகும் அதுக்க கரண்ட் நிக்கும், எனக்கு ஒருக்கா அடிச்ச அடியில ஏணியால விழுந்தனான்.

2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் ஜெனரேட்டர் வாங்கின ஆக்களுக்கும் இதுதான் நடந்தது. 5 கேவிஏ எண்டு எழுதியிருக்கு, அப்ப 5000 வாட் எண்டு நினைச்சு எல்லாத்தையும் கொழுவி விட்டினம். கேவிஏ எண்டது வயர் தாங்கிற மொத்தம், கைமாத்தும் சேத்து. பக்கத்தில 0.8 எண்டு சின்னனா அடிச்சிருக்கும், அப்ப 4000 வாட்தான். யு.பி.எஸ். வாங்கேக்கயும் விஏயைப் பாக்காம வாட்டைப் பாருங்கோ.

இன்னொரு விசயம், இது எங்கட ஊருக்குச் சொந்தமான விசயம். வவுனியா, கிளிநொச்சி தாண்டி சுன்னாகத்துக்கு வாற 132 ஆயிரம் வோல்ட் லைனின்ர நுனியிலதான் யாழ்ப்பாணம் இருக்கு. யூனிட்டை எவ்வளவு தூரத்தில இருந்தும் கொண்டுவரலாம், கைமாத்தைத் தூரத்தில இருந்து கொண்டுவந்தா வழியிலயே வோல்ட்டேஜ் விழுந்திடும், அதால பாவிக்கிற இடத்துக்குக் கிட்டவே உண்டாக்கோணும். பின்னேரத்தில எல்லாரும் மோட்டர் போட ரியூப் லைற் கண்ணடிக்கிறதில இதுக்கும் ஒரு பங்கு இருக்கு. எதிர்ப்பக்கமும் இருக்கு: பாரம் குறைஞ்ச நேரத்தில நீளமான லைன் தானே கப்பாசிட்டர் மாதிரி நடந்து வோல்ட்டேஜை ஏத்திவிடும். 2003 ஓகஸ்ட் 14 அமெரிக்காவிலயும் கனடாவிலயும் 5 கோடிச் சனம் இருட்டில இருந்ததுக்கு ஒஹாயோப் பக்கம் கைமாத்து போதாமப் போனதும் ஒரு காரணம். 2025 ஏப்ரல் 28 ஸ்பெயினும் போர்த்துக்கலும் விழுந்தது அதுக்கு நேர் மாறு, வோல்ட்டேஜ் ஏறினது, ஏற ஒவ்வொரு பவர் ஸ்டேசனா லைனில இருந்து கழண்டுது, கழள இன்னும் ஏறினது. எங்கட நாட்டில 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை குரங்கு பாய்ஞ்சு போன கரண்ட் வேற கதை, அதையும் இதையும் சேத்துக் குழப்பவேண்டாம்.

சோலார் போட்ட ஆக்கள் மத்தியானத்தில இன்வேட்டர் (சோலார் கரண்டை லைன் கரண்டா மாத்திற பெட்டி) தானே நிண்டிடுது எண்டு என்னட்டக் கேக்கினம். லைனில வோல்ட்டேஜ் கூடினா அது நிக்கத்தான் வேணும், பாதுகாப்புக்கு அப்பிடி வச்சிருக்கு. இப்ப வாற இன்வேட்டர் கனக்கதுக்கு கைமாத்தை வாங்கி வோல்ட்டேஜைக் கொஞ்சம் இறக்கவும் தெரியும், ஆனா அந்த செட்டிங்கை போனில நீங்களே நோண்டாம பூட்டின ஆக்களைக் கூப்பிட்டுக் கேளுங்கோ.

பெட்டி வித்த பெடியன் "ரெண்டு மாதம் பாவிச்சுப் பாருங்கோ அம்மா, உடன தெரியாது" எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டுப் போனவன், போன் இப்ப வேலை செய்யேல்ல. மற்ற ரெண்டு வீட்டுக்காரரும் என்னைக் கூப்பிட்டு சிவப்பு லைற்றை எண்ணிப் பாத்திட்டினம். அக்கா மட்டும் பெட்டியை எறியேல்ல. சாமி அறையில சொருகி வச்சிருக்கிறா, பச்சை லைற் இரவில வடிவா இருக்காம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய மோட்டர் வைண்டிங்காரன் ஒருத்தன்,
யாழ்ப்பாணம்.