சாரணர் லஞ்ச் விருது: அந்த டேபிள் காசையும் சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுத் தமிழர் செய்திகள்ல அப்பப்ப ஒண்ணு வரும், அமெரிக்காவுல நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்கு சாரணர் இயக்கத்தோட உயரிய விருதுன்னு, கூடவே கோட்டு சூட்டுல ஒரு ஃபோட்டோ, கையில ஒரு கழுகு சிலை. சந்தோஷம்தான், நம்மாளு ஒருத்தர் மேடை ஏறினா யாருக்குக் கசக்கும். ஆனா அந்த விருதை எதுக்குக் குடுக்குறாங்க, அதைக் குடுக்குற மதியச் சாப்பாட்டு விழா எதுக்கு நடக்குதுன்னு ஒரு வரி கூட இருக்காது, அதனால பாதிப் பேர் ஏதோ பத்மஸ்ரீ ரேஞ்சுக்கு நெனச்சுக்குறாங்க, மீதிப் பேர் "காசு குடுத்து வாங்கினது"ன்னு வாட்ஸ்அப்ல நக்கல் பண்றாங்க. ரெண்டுமே சரியில்லைங்க.

நாங்க இருக்குறது டெக்சாஸ்ல இர்விங், சாரணர் இயக்கத்தோட தேசிய ஆபீஸ் இருக்குற ஊரு. பசங்க ட்ரூப்ல, அதாவது சாரணர் குழுவுல, இருக்குறதால இந்த லஞ்ச் விஷயம் கொஞ்சம் பக்கத்துல இருந்து தெரியும். இங்க ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு கவுன்சில் இருக்கு, அது தனியா பதிவு பண்ணின தொண்டு அமைப்பு. கேம்ப் நிலத்தைப் பராமரிக்கிறது, ஊழியர் சம்பளம், ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பசங்களுக்கு உதவி எல்லாம் அதோட தலையில. நாங்க கட்டுற ஃபீஸ் அதுக்கெல்லாம் பத்தாது, பசங்க வீடு வீடா பாப்கார்ன் வித்தாலும் பத்தாது. அதனாலதான் நன்கொடை திரட்ட இந்த லஞ்ச். விருதுக்கு ஊருக்கு ஊரு ஒரு பேர், டிஸ்டிங்விஷ்ட் சிட்டிசன்னு சில இடம், குட் ஸ்கவுட்னு சில இடம். வாங்குறவர் மேயரா இருக்கலாம், பேங்க் தலைவரா, ஆஸ்பத்திரி சேர்மனா இருக்கலாம், சின்ன வயசுல சாரணரா இருந்திருக்கணும்னு கூட இல்ல. ஊருல நல்ல பேர் வேணும், அதோட இன்னொண்ணும் வேணும், அவர் போன் பண்ணினா நாலு பேர் மறுக்காம டேபிள் வாங்கணும். இதை வெளிப்படையா மேடையில சொல்ல மாட்டாங்க, ஆனா கமிட்டியில உட்கார்ந்தவங்க எல்லாருக்கும் தெரியும். எட்டுப் பேர் இல்ல பத்துப் பேர் உட்கார்ற டேபிளை ஒரு கம்பெனி மொத்தமா வாங்கும், பெரிய தொகை குடுத்தா மேடைக்குப் பக்கத்துல இடம், பின்னாடி பேனர்ல பேர்.

நம்ம பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசத்து மொய் விருந்து பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். இலை போடுறாங்க, ஆனா கூட்டம் சாப்பாட்டுக்காக வரல. இன்னிக்கு உங்க விருதுக்கு டேபிள் வாங்கினவர் அடுத்த வருஷம் வேற ஒரு சங்கத்துல விருது வாங்குவார், அப்ப நீங்க வாங்கணும், நோட்டுல எழுதி வெச்சுக்கிறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் இங்க பணம் விருந்து வெச்சவர் பாக்கெட்டுக்குப் போகாது, பசங்களுக்குப் போகுது, அது பெரிய வித்தியாசம்.

நிகழ்ச்சியும் ரொம்ப இழுக்காது, எல்லாரும் ஆபீஸுக்குத் திரும்பணும்ல. பசங்க கொடி எடுத்துட்டு வருவாங்க, உறுதிமொழி, ஒரு பிரார்த்தனை, அப்புறம் சிக்கன் (சைவம்னு முன்னாடியே சொல்லி வெச்சாலும் வர்றது பெரும்பாலும் வேகவெச்ச காய்தான்). ஒரு பையனோ பொண்ணோ எழுந்து அஞ்சு நிமிஷம் பேசும், உடனே டேபிள் மேல நன்கொடை கார்டு சுத்தி வரும், அந்த வரிசை தற்செயல் இல்லைங்க. அதுக்கப்புறம்தான் விருதுக்காரர் பேசுவார். எனக்குப் பிடிக்காத இடம் அந்த அஞ்சு நிமிஷம்தான். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லி ஒரு குழந்தையை மைக் முன்னாடி நிறுத்துறாங்க பாருங்க, அது தேவையே இல்ல, கேம்ப்ல கத்துக்கிட்டதைப் பேசினாலே போதும்.

காசு கணக்குல ஆனா ஒளிவு மறைவு கிடையாது. 75 டாலருக்கு மேல ஒருத்தர் குடுத்து, பதிலுக்கு சாப்பாடு மாதிரி ஏதாவது வாங்கினா, அதோட மதிப்பு எவ்வளவுன்னு அமைப்பு எழுத்துல சொல்லணும்னு வருமான வரிச் சட்டமே சொல்லுது. 100 டாலர் டிக்கெட்டுல சாப்பாடு 40 டாலர்னா மீதி 60தான் நன்கொடையா கழிக்கலாம்.

இதையும் சொல்லணும், சாரணர் இயக்கத்துலயே உழைப்புக்குன்னு ஒரு விருது இருக்கு, சில்வர் பீவர்னு பேர், 1931லேர்ந்து குடுக்குறாங்க. வருஷக்கணக்கா வாராவாரம் பசங்களோட நிக்கிற, மழையில கூடாரம் அடிக்கிற பெரியவங்களுக்கு. அதை வாங்கின நம்ம ஆளுங்க யாராவது இருந்தா அது பேப்பர்ல வந்து நான் பார்த்ததே இல்ல. ஏன்னா அதுக்கு பிரஸ் நோட் எழுதி அனுப்ப பிஆர் கம்பெனி கிடையாது.

இப்ப இந்தப் பணம் ஏன் இவ்வளவு முக்கியம்னா, பழைய பாலியல் கொடுமை வழக்குகளால இயக்கம் 2020 பிப்ரவரில திவால் மனு போட்டுச்சு, 82,000 பேருக்கு மேல புகார் குடுத்திருந்தாங்க, நஷ்டஈடு நிதி மட்டும் 246 கோடி டாலர். லோக்கல் கவுன்சில்களும் அதுல பங்கு போட வேண்டி வந்து, பல இடத்துல கேம்ப் நிலத்தையே வித்தாங்க. பங்கு போட்டது நியாயம்தான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. 2019லேர்ந்து பொண்ணுங்களும் ட்ரூப்ல சேர்ந்து ஈகிள்ங்கிற உச்ச தரம் வரைக்கும் போறாங்க, 2025ல பேரையே ஸ்கவுட்டிங் அமெரிக்கான்னு மாத்திட்டாங்க, ஆனா மிச்சமிருக்குற கேம்ப்ல டாய்லெட் கூரை ஒழுகினா அதைச் சரி பண்ண யாரோ ஒருத்தர் லஞ்ச் டேபிள் வாங்கணும்.

அதனால என் வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த தடவை இந்த மாதிரி விருதுச் செய்தி வந்தா எந்தக் கவுன்சில், அன்னிக்கு எவ்வளவு திரண்டுச்சு, சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சினது எதுக்குப் போகுதுன்னு அனுப்பினவங்களையே கேட்டு ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க. கேட்டா சொல்லுவாங்க, தயங்க வேண்டாம். அப்படியே அந்த ஊருல சில்வர் பீவர் வாங்கினவங்க யாருன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு ஸ்கவுட் அம்மா
இர்விங், டெக்சாஸ்