சாகர் நிதி ஆய்வுக் கப்பலில் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். நம் வங்கக் கடல் பயணத்தின் தரவுகளை நேற்றுதான் முதல்முறையாக வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மேலே 29 டிகிரி வெப்பத்தில் தொடங்கும் கோடு, 3,000 மீட்டர் ஆழத்தில் 2 டிகிரிக்கும் கீழே போய் நிற்கிறது. நாளைக்குக் கட்டுரை வந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே என் பெயர் இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளியையும் கடலிலிருந்து மேலே ஏற்றிய கைகள் உங்களுடையவை. அதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி கப்பலின் சமையல்காரர் பண்டாரி அண்ணனுக்கு. சென்னைத் துறைமுகம் கண்ணை விட்டு மறைந்ததுமே நான் படுத்துவிட்டேன். பெரம்பலூர்க்காரி, அதுவரை கடலில் கால் மட்டும் நனைத்தவள். இரண்டு நாள் எதுவும் தங்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டி, காய்ந்த ரொட்டியும் ஒரு டம்ளர் மிளகு ரசமும் வைத்துவிட்டு, "வெறும் வயித்தோட படுக்காத பாப்பா, வெறும் வயித்தத்தான் கடல் புரட்டும்" என்றீர்கள். அன்று மாலை எழுந்து நின்றேன்.

தளத்து ஆட்களின் தலைவரான சாரங் அண்ணா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் சிடிடி கருவியின் இரும்புக் கூட்டில், நீர் பிடிக்கும் 24 பாட்டில்களும் நிரம்பி மேலே வரும்போது அரை டன் இருக்கும். காற்று அடித்த அந்த இரவில், தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் அது ஊஞ்சல் மாதிரி ஆடியது. நீங்களும் இன்னும் மூன்று பேரும் கயிற்றை இழுத்துப் பிடித்து, கப்பல் நிமிரும் நொடிக்காகக் காத்திருந்து, பூப்போல தளத்தில் இறக்கினீர்கள். ஒரு பாட்டில்கூட உடையவில்லை. என் வெறும் கையைப் பார்த்து உங்கள் கையுறையைக் கழற்றிக் கொடுத்ததையும் மறக்கவில்லை. கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச்சில் இருந்த அண்ணனுக்கும் நன்றி. நிமிடத்துக்கு 60 மீட்டர் என்று கம்பியை விட்டால்கூட 3,000 மீட்டர் இறங்கவே 50 நிமிடம். அத்தனை நேரமும் அவர் கண் கம்பியை விட்டு நகராது.

ஒருநாள் 1,400 மீட்டரில் சிக்னல் அறுந்துபோனது. கம்பி முனையின் இணைப்பில் கடல்நீர் புகுந்திருந்தது. அந்த ஆழத்து அழுத்தத்தில் ஒரு மயிரிழை வழி போதும், யாரையும் குறை சொல்ல முடியாது. எலக்ட்ரானிக்ஸ் தம்பிகள் இருவரும் சாப்பிடக்கூட எழாமல் முனையை வெட்டி, புதிதாக இணைத்து, விடியும்போது சரிசெய்து கொடுத்தார்கள். அந்த இடத்து அளவீடு இல்லையென்றால் என் வரைபடத்தின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும்.

அப்புறம் ஆக்சிஜன் அக்கா. பாட்டிலிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது ஆக்சிஜனுக்கான நீர்தான், குழாய் கண்ணாடிக் குப்பியின் அடியைத் தொட வேண்டும், நீர் வழிந்து வழிந்து போக வேண்டும், ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரண்டு மருந்துகளை விட்டுக் குலுக்கியதும் மேல்மட்டத்து நீர் பழுப்பாக மாறியது. 200 மீட்டர் நீரோ ஏறக்குறைய வெள்ளையாகவே நின்றது. ஆக்சிஜன் இருந்தால்தானே பழுப்பாகும்! கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே லேசாகப் படர்ந்து, கீழ்நீரோடு கலக்கவிடாமல் தடுக்கிறது. மேலிருந்து விழுவதைத் தின்னும் நுண்ணுயிர்கள் கீழே இருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். அந்த வெள்ளைக் குப்பியைக் கையில் பிடித்தபோதுதான் வங்கக் கடலுக்கு மூச்சு முட்டுவது எனக்கு உறைத்தது.

104 மீட்டர் நீளக் கப்பலைக் காற்றிலும் நீரோட்டத்திலும் ஒரே இடத்தில் நிறுத்திவைத்த, கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை அதிகாரிகளுக்கும், நான் ஒருமுறைகூட முகம் பார்க்காத என்ஜின் அறை ஆட்களுக்கும் நன்றி.

சாரங் அண்ணா, அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையுறை துவைத்து பத்திரமாக இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
12–4 ஷிஃப்ட் பாப்பா