சம்பளமில்லாமல் கடையில நிக்கிற மனுசியும் சுயதொழிலோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரில இந்தியத் தொழிலாளரைப் பற்றி வந்த கட்டுரை வாசிச்சன். அங்க அரைவாசிக்கு மேல ஆக்கள் சுயதொழில் செய்யினம், சனம் சொந்தக்காலில நிக்கத் தொடங்கிட்டுது எண்ட மாதிரி எழுதியிருந்தியள். அதுதான் எனக்கு ஒத்துவரேல்ல.

கணக்குப் பிழையில்லை. இந்திய அரசு வேலை நிலவரத்தை அளக்கிற பிஎல்எஃப்எஸ் எண்ட கணக்கெடுப்பில, 2023-24 இல சுயதொழில் 58.4 வீதம், மாசச் சம்பளக்காரர் 21.7, நாட்கூலி 19.8. ஆனா அந்த 58ஐக் கொஞ்சம் கிண்டிப் பாருங்கோ, அதில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு குடும்பத்தின்ர வயலிலயோ கடையிலயோ சம்பளமே இல்லாமல் வேலை செய்யிற ஆக்கள், கனக்க அவையள் பொம்பிளையள். புருசன்ர பெட்டிக்கடையில விடியத் தொடங்கி தேத்தண்ணி ஆத்திற மனுசிக்கு கையில ஒரு சதமும் வராது, ரிப்போட்டில அவவும் சுயதொழில், நாலு பேரை வைச்சு கராஜ் நடத்திற முதலாளியும் சுயதொழில்! உதில எங்க சொந்தக்கால்?

சாப்பாடு டெலிவரி செய்யிற பொடியளும் உப்பிடித்தான். கொம்பனி பார்ட்னர் எண்டு சொல்லும், ஆனா ஒரு ஓர்டருக்கு எவ்வளவு எண்டு முடிவெடுக்கிறது ஆப். இந்திய அரசின்ர திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் கணக்குப்படி 2020-21 இலயே இப்பிடி கிக் வேலை, அதாவது நிரந்தரச் சம்பளமில்லாமல் துண்டு துண்டா எடுத்துச் செய்யிற வேலை, செய்யிறவை 77 லட்சம் பேர். அங்கத்தை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில இவையளுக்கெண்டு ஒரு பிரிவு போட்டு, கொம்பனியள் வருச வியாபாரத்தில 1 தொடக்கம் 2 வீதம் இவையளின்ர சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்டோணும் எண்டு எழுதினவை, நல்ல விசயம்தான், ஆனா அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21. அஞ்சு வருசம் பேப்பரிலயே கிடந்தது.

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு இவருக்கேன் இந்தக் கதை எண்டு நினைக்காதேங்கோ. எங்கட ஒழுங்கையில வெளிநாட்டுக் காசில ஒரு வீடு எழும்புது. அங்க மாபிள் பதிக்கிறவர் சொந்தக் கிரைண்டர், சொந்த மோட்டச்சைக்கிள், முழங்காலுக்குக் கீழ சாக்கை மடிச்சுப் போட்டுக்கொண்டு மூலைத்துண்டு வெட்டினா ஒரு நூல் பிசகாது, அப்பிடி ஒரு கை. சனிக்கிழமை சனிக்கிழமை காசு. எங்கட இலங்கைச் சட்டத்தில சம்பளத்தில முதலாளி 12 வீதம் தொழிலாளி 8 வீதம் ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டோணும் எண்டு இருக்குது, ஆனா இவருக்கு முதலாளி ஆர்? கேட்டா கொன்ட்ராக்டர் வீட்டுக்காரரைக் காட்டுவார், வீட்டுக்காரர் கனடாவில. இவரையும் சுயதொழில் எண்டு எழுதிவிட்டா எல்லாருக்கும் சுகம், இவரைத் தவிர.

அடுத்தமுறை உந்தக் கணக்கைப் போடேக்க சம்பளமில்லாத வீட்டாக்களை எண்டாலும் தனியப் போடுங்கோ. அந்த ரிப்போட்டிலயே அது தனியத்தான் கிடக்குது.

வாசகர்,
கொக்குவில்