ஊழியப் பயணம் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவின் நாமத்தில் அக்காவின் வாழ்த்துகள்.

நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. வாலிபர் ஐக்கியத்திலிருந்து 14 பேர், 10 நாள், விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆலயத்துக்கு வெள்ளையடிப்பு, மாலையில் வீடு சந்திப்பு, நிறைவு நாளில் கீத ஆராதனை என்று அட்டவணை போட்டு அழகாக அச்சடித்திருக்கிறீர்கள். காணிக்கை கேட்டிருந்தாய். அனுப்பிவிட்டேன். கூடவே நீ கேட்காத இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். பணத்தை எடுத்துக்கொண்டு இதைப் படிக்காமல் விட உனக்கு முழு உரிமை உண்டு. உன் வயதில் நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

எனக்கு 19 வயதில் முதல் பயணம். ஞாயிறு பள்ளி நடக்கும் அறைக்குப் பெயிண்ட் அடிப்பது என்று புறப்படும் முன்பே நாங்களே முடிவு செய்துவிட்டோம். அங்கிருந்த சபை ஊழியரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் ‘சரி’ என்றார். அந்தச் ‘சரி’க்குள் எத்தனை ‘வேண்டாம்’ ஒளிந்திருந்தது என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அது பழைய சுண்ணாம்புச் சுவர். நன்றாகச் சுரண்டி, ஈரம் காய விட்டு, பிரைமர் பூசி, அதற்குப் பிறகுதான் பெயிண்டைத் தொட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டே நாளில் அடித்து முடித்தோம். மேலே நோவாவின் பேழை ஒன்றும் வரைந்தோம். ஒட்டகச்சிவிங்கிக்கு இடம் போதாமல் கழுத்து ஜன்னலைச் சுற்றி வளைந்துபோனது. ஊரே கைதட்டியது, நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் பேழை முதல் மழைக்கே உரிந்து விழுந்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதைவிட இன்னொன்றுதான் இன்றும் உறுத்துகிறது. நாங்கள் வேலை செய்த இரண்டு நாளும் ஒருவர் சுவருக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஐயா, நீங்களும் வாங்க’ என்று நான் சிரித்துக்கொண்டே பிரஷை நீட்டினேன். அவரும் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் அந்த ஊரின் பெயிண்டர் என்று கடைசி நாளில்தான் தெரிந்தது. அந்த மாதம் அவருக்கு வேறு வேலையும் கிடைக்கவில்லையாம். எங்கள் பஸ் டிக்கெட்டுக்குச் செலவான பணத்தில் ஒரு பங்கை அவர் கையில் கொடுத்திருந்தால் சுவரும் நின்றிருக்கும், அவர் வீட்டு அடுப்பும் எரிந்திருக்கும்.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்பாய். போ. அதே பயணத்தில் ஒரு நல்ல வேலையும் நடந்தது, அட்டவணையில் இல்லாத வேலை. ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது அந்த ஊழியர் தயங்கித் தயங்கி வந்து, ‘அம்மா, உங்கள் கையெழுத்து நன்றாக இருக்குமா?’ என்று கேட்டார். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் அரித்திருந்தது. அவர் படிக்கப் படிக்க நான் புதிய நோட்டில் எழுதினேன். பெயர், பெற்றோர், தேதி, சாட்சிகள். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. யார் உயிரோடு இருக்கிறார், யார் ஊரைவிட்டுப் போனார், யார் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று மூன்று மணி நேரத்தில் அந்தச் சபையை எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் படம் எதுவும் இல்லை. எங்கள் குழு செய்ததில் அந்த நோட்டு மட்டும்தான் இன்னும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது.

இயேசு எழுபது பேரை இரண்டிரண்டாக அனுப்பிய பகுதியை உங்கள் ஆயத்தக் கூடுகையில் வாசித்திருப்பீர்கள். எல்லாக் குழுவும் அதை வாசிக்கிறது. அறுவடை மிகுதி என்ற இடத்தில் எல்லோரும் நின்றுவிடுகிறோம். கொஞ்சம் கீழே போய்ப் பார். பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம். ஒரே வீட்டில் தங்கு, முன்னால் வைத்ததைச் சாப்பிடு. அனுப்பப்பட்டவர்கள் வெறுங்கையோடு போய் இன்னொருவர் வாசலில் விருந்தாளியாக நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நாமோ ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒலிபெருக்கி, பரிசுப்பொருள் மூட்டை என்று போய் இறங்கி, அவர்களையே நம் விருந்தாளிகளாக்கிவிடுகிறோம்.

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. 24 வயது நிறைய இன்னும் ஒரு நாள் இருந்தது, அதாவது உங்கள் குழுவின் மூத்தவர்களை ஒத்த வயதுதான். பல்கலைக்கழகம் பார்த்த அந்த மனிதர் இங்கே வந்து சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’ எழுதினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். நடுவில் ஒன்பது வருடம். உனக்கு இருப்பது பத்து நாள். பத்து நாளில் மணலில் உட்காரும் முதல் பாடத்தை மட்டுமாவது படிக்கலாம். கற்பிக்கப் போன பிள்ளைகளிடம் அவர்களுடைய பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு வா. உங்கள் செய்கைப் பாட்டுகள் எப்படியும் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். போன வருடக் குழுவும் அதையேதான் பாடியிருக்கும்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்காதே, உன் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. பெற்றோரைக் கேட்காமல் படம் எடுக்காதே, எடுத்தாலும் பெயரோடு ஊரோடு போட்டு உலகத்துக்குக் காட்டாதே. மிட்டாயோ பேனாவோ கொடுக்க வேண்டுமானால் அங்குள்ள ஊழியர் கையில் கொடு, அவர் கொடுக்கட்டும். ‘அடுத்த வருடம் வருவேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ விளையாட்டாகச் சொல்வாய், அந்தப் பிள்ளை நாள் எண்ணும்.

இனி கடைசி இரவு. கண்டிப்பாக ஒரு கடைசி இரவு வரும். விளக்கைக் குறைப்பார்கள், மெதுவாக ஒரு பாட்டு ஓடும், பத்து நாள் தூக்கமில்லாத கண்ணில் தண்ணீர் தானாக வரும். முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார்கள். நான் மூன்று பயணத்தில் மூன்று முறை எழுந்து நின்றவள். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையை நாம் எப்போதும் பாதியில் விட்டுவிடுகிறோம். 1890இல் அவர் நோயுற்ற தாயாரைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தவர், மிஷனெரியாகும் எண்ணமே இல்லை. பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவி கேட்டு ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இதுவரை ஞாயிறு பள்ளியில் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்ப் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி 1899இல் மருத்துவப் பட்டம் வாங்கினார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அடுத்த வருடம் இங்கே வந்து இறங்கியபோது கையில் ஒரு தொழில் இருந்தது. அழைப்பு வந்ததாக உனக்குத் தோன்றினால் அதை நம்பு. ஊருக்கு வந்து, தூங்கி எழுந்து, அரியர் இருக்கும் பாடத்தை முதலில் எழுதி முடி.

ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். அந்த எழுபது பேரும் திரும்பி வந்து ஆர்ப்பரித்தார்கள், பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்றார்கள். அதற்காகச் சந்தோஷப்படாதேயுங்கள் என்றுதான் பதில் வந்தது. அதனால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்ற கணக்கு உன் வாயில் வேண்டாம். ‘பாவம், ஒன்றுமே இல்லாதவர்கள், ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்’ என்ற அந்த வாக்கியமும் வேண்டாம். இத்தனை வருடத்தில் அதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! அவர்கள் சிரித்தது உங்களை உபசரிக்க. நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது.

வெள்ளையடிப்பைப் பற்றி இன்றே உன் தலைவரிடம் பேசு. அந்த ஊரில் பெயிண்டர் யார், அவருக்குக் கூலி எவ்வளவு, அவருக்குக் கீழே சுரண்டவும் தண்ணீர் தூக்கவும் உங்களில் நான்கு பேர் நிற்கலாமா என்று கேட்கச் சொல். நான் அனுப்பியதை அந்தக் கூலிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஜெபத்துடன்,
அக்கா

பின்குறிப்பு: உன் கடிதத்தில் ஜெபிக்கச் சொல்லி 14 பேரின் பெயரும் இருக்கிறது, வண்டி ஓட்டுநர் பெயர்கூட இருக்கிறது. உங்களை வரவேற்று, பத்து நாள் பார்த்துக்கொண்டு, நீங்கள் போன பிறகும் அங்கேயே இருக்கப்போகிற அந்த ஊழியரின் பெயர் இல்லை. கேட்டு எழுது. பட்டியலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.