சேமநிதிப் பணமும் கெரிஸ் ஆசையும்

சுங்கை சிப்புட்
நவம்பர் 2021

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கோவிட்டால் ஜோகூர் பாலத்தை மூடியதோடு சிங்கப்பூர் வேலையும் போனது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் நிலைமை சுமார்தான். கடைக்கு டயர் மாற்ற வருகிறவன் பழையதையே ஒட்டித் தரச் சொல்கிறான். ஜூலை மாதம் நம் தாமான் குடியிருப்பிலேயே சில வீட்டு வாசலில், சாப்பாட்டுக்கு உதவி வேண்டும் என்று வெள்ளைக் கொடி தொங்கியது. அரிசி, முட்டை, மைலோ என்று ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சரி, நீ கேட்ட விஷயம். சேமநிதியிலிருந்து ஐ-சினார் திட்டத்தில் எடுத்த பணத்தில் மிச்சத்தைப் போட்டு, கெரிஸ் என்கிற பழைய மலாய்க் குத்துவாள் வாங்கி வைக்கலாமா, இப்போது மலிவாகத்தானே கிடைக்கும் என்கிறாய். வேண்டாம்டா. ஆசைக்கு ஒன்று வாங்கு, தடுக்கவில்லை. சேமிப்பு என்று நினைத்து வாங்காதே. வீட்டுக்காரி சங்கிலியை அடகுக்கடையில் நீட்டினால் உடனே எடை போட்டுக் காசு கொடுத்துவிடுவான். கெரிஸை நீட்டிப் பார், கடை முதலாளி தவுக்கே உன்னை மேலும் கீழும் பார்ப்பார். காசு அவசரமாகத் தேவைப்படும் நாளில் அதை வாங்க ஆள் இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு எல்லாருக்குமே காசு முடை.

அப்புறம், மலிவாக வருவது எது என்று பார்க்க வேண்டாமா? உறை ஒரு கத்தியுடையது, பிடி இன்னொன்றுடையது என்று சேர்த்துக் கட்டிய சரக்குதான் இப்போது ஃபேஸ்புக்கில் கொட்டிக் கிடக்கிறது. மதுரா தீவில் புதிதாக அடித்து, அமிலத்தில் ஊறப்போட்டு, தாத்தா காலத்துப் பொருள் என்று விற்பதும் உண்டு. கிளந்தான் பக்கத்து மீன்கொத்தி மூக்குப் பிடி வைத்த நல்ல கெரிஸ் கையில் இருக்கிறவன் காரை விற்பானே தவிர அதை விற்க மாட்டான்.

போன வாரம் வயதான ஒரு மலாய்க்காரர், பாச்சிக் என்று கூப்பிடுவோமே, கோலகங்சாரிலிருந்து வந்தார். லோரி ஓட்டிக் கொண்டிருந்தவர், தவணை கட்ட முடியாமல் லோரி போய்விட்டது. பழைய சாரோங் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். ஒன்பது வளைவு. பிடியில், குளிர்காய்ச்சல்காரனைப் போலக் கையைக் கட்டிக் குனிந்திருக்கும் அந்த உருவம். முகம் இருந்த இடம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. கத்தியின் அடியில் கஞ்சா என்று ஒரு பட்டை இருக்கும், தெரியுமா? நல்ல வேலையில் அது தனியாக அடித்துப் பொருத்தியதாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், மயிரிழை போல அந்த இணைப்பு தெரிந்தது. ஒரு பக்கம் துரு தின்றிருந்தாலும், மறுபக்கம் பாமோர் என்கிற, இரும்பை மடித்து அடித்ததில் வரும் கோலத்தின் வரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எலுமிச்சைச் சாறு பட்டால் அது எழும்பி வரும். பாஷாணம் போட்டுக் கழுவுகிற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம்.

எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். கஷ்டத்தில் வந்தவனிடம் விலையை அடித்துப் பேசி வாங்கிவிட்டு அதை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பதிலுக்கு ஒன்று கேட்டேன்: யாருடையது, எந்தக் கம்பம் (கிராமம்), கல்யாணத்துக்குக் கட்டினார்களா, எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லுங்கள் என்று. அவர் சொல்லச் சொல்ல எழுதி உறையோடு வைத்துவிட்டேன். பணம் வந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இதற்கு ஒரு சண்டை நடந்தது, அதை விடு.

98-இல் நம் வெள்ளி விழுந்ததை நினைத்துப் பார். அதற்கு முந்தின வருடத் தொடக்கத்தில் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளி. அந்த ஜனவரியில் நாலரையைத் தாண்டி, செப்டம்பரில் 3.80-இல் கட்டி வைத்தார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு நம் ஊர்ச் சாமானெல்லாம் பாதி விலைக்கு வந்த காலம் அது. அப்படிச் சாமான் கைமாறும்போது கூடவே அதன் கதையும் போய்விடுகிறது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தஞ்சாவூர் அரசு 1855-இல் கம்பெனி கைக்குப் போன பிறகு ஆயுதசாலையில் கிடந்த கட்டாரிகளில் எத்தனையோ உடைபட்டுப் பழைய இரும்பாகப் போயின. தப்பியவற்றில் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போனால் பார்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது மதுரை வீரன் கோயில் அரிவாள்கள் என்னவாயின? பெரியது ஒன்று கப்பலில் வந்தது என்று கிழவிகள் சொல்வார்கள். கோயிலை இடம் மாற்றியபோது புது அரிவாள் செய்து வைத்தார்கள், பழையதை யாரோ இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். அப்பா பால் வெட்டிய உளி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்கு ஒருவனும் ஐந்து வெள்ளி தர மாட்டான்.

நீ வாங்குவதாக இருந்தால் காசு அனுப்புவதற்கு முன்னால் கஞ்சாப் பட்டையைக் கிட்டத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. தந்தப் பிடி என்றால் தொடாதே, எல்லை தாண்ட அனுமதிக் காகிதம் கேட்பார்கள். வாங்கியதைக் காரில் போட்டுக்கொண்டு சுற்றாதே. 1958-ஆம் வருடச் சட்டப்படி பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் குற்றம், பழசு என்று சொன்னால் போலீஸ்காரர் கேட்க மாட்டார்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். இங்கே ஒரு டயர் கடையில் ஆள் தேவை என்கிறார்கள். சம்பளம் சிங்கப்பூர் போல வராது, யோசித்து எழுது.

அன்புடன்,
ராஜூ